முப்பத்திரண்டு அங்குல ஏரி

சிவநேசன் ஆறு பத்துக்கு எழுந்தான். பல் துலக்கினான். இரண்டு முட்டை அவித்தான். ஒன்றைத் தின்றான்; மற்றதை எதிர்வீட்டுப் பூனைக்கு வைத்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். ஆறு ஐம்பதுக்கு மானிட்டரைத் துடைத்தான்.

துடைப்பதற்கென்று தனித் துணி இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் இலவசமாகக் கொடுத்தது. முதலில் இடமிருந்து வலம், பிறகு மேலிருந்து கீழ். முப்பத்திரண்டு அங்குலம், ஆகவே நான்கு நிமிடம் ஆகும். துடைத்து முடிந்ததும் கணினியைப் போட்டு ஏரி விளையாட்டை ஓடவிட்டான்.

ஒரு படகு, ஒரு ஏரி, ஒரு தூண்டில். விளையாட்டில் வேறொன்றும் கிடையாது. கல்லூரி நாட்களில் சின்னத் திரையில் ஆடியபோது ஒழுங்காகத்தான் ஓடியது. இந்த 4K திரையில், ஏழு வருடப் பழைய கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு ஒன்பது படம்தான் தள்ளியது. படகு நகராது, இங்கே இருக்கும், அப்புறம் அங்கே இருக்கும். மழை பெய்தால் ஒவ்வொரு துளியும் நின்று யோசித்துவிட்டுத்தான் விழும். மீன் துள்ளினால் அது தண்ணீருக்குத் திரும்புவதற்குள் காலுறை இரண்டையும் போட்டு முடித்துவிடலாம். ஏழு மாதமாக அப்படித்தான் அவன் காலுறை போட்டுக்கொண்டிருந்தான்.

அன்று மீன் துள்ளியது. கீழே வரவில்லை.

சிவநேசன் காலுறை போட்டான். ஷூ போட்டான். மீன் ஆகாயத்திலேயே நின்றது. பிறகு திரை கறுத்து, நினைவகம் போதவில்லை என்று ஒரு வரி வந்தது. அந்த வரியைப் பார்த்தபடி ஷூவோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பங்சாரில் அவன் வேலை பார்க்கும் காப்புறுதி அலுவலகத்துக்கு அன்று நாற்பது நிமிடம் தாமதமாகப் போனான்.

மானிட்டர் விஷ்ணுப்ரியா வாங்கிக் கொடுத்தது.

போன நவம்பர். அவன் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை. வீட்டிலிருந்து வேலை. காதில் ஹெட்போன், அதில் மேலதிகாரி. பெட்டி வந்து இறங்கியது. அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, காய்கறி வாங்கப் பாசார் கூடையோடு வாசலில் நின்றாள். பெட்டியைக் காட்டினாள். என்னவோ சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

பாசாருக்குப் பின்னால் ஒரு லோரி ரிவர்ஸ் எடுத்தது. அவ்வளவுதான்.

காரியத்துக்கு வந்தவர்களிடம் அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "பெறந்தநாளுக்கு வாங்கி வெச்சிட்டுப் போயிட்டா." பெட்டியைப் பார்த்து எல்லாரும் அழுதார்கள். பந்தல் போட வந்தவர்கூட அழுதார். எதிர்வீட்டு உஷாராணி அக்கா மட்டும் இருமினாள்.

மூன்று மாதம் பெட்டியைத் தொடவில்லை. அப்புறம் ஒருநாள் அவளுடைய காய்கறிக் கத்தியால் டேப்பை நேர்கோடாக வெட்டித் திறந்தான்.

அந்த வாசல் காட்சி அவனுக்கு அடிக்கடி வரும். அதுவும் ஏரி மாதிரிதான், நொடிக்கு ஒன்பது படம். கை உயரும், நிற்கும். வளையல் சரியும், நிற்கும். விரல் பெட்டியைக் காட்டும். வாய் அசையும். சத்தம் கிடையாது. இன்னும் கொஞ்சம் தெளிவாக இருந்தால் உதட்டைப் பார்த்தே படித்துவிடலாம் என்று சில சமயம் தோன்றும். அதற்குக் கார்டு விற்கிற கடை இல்லை. இதற்கு இருந்தது.

ஆண்டு திவசத்துக்கு இன்னும் இரண்டு மாதம். அதற்குள் ஒருமுறையாவது அந்தத் திரை அதன் முழு அழகோடு ஓடவேண்டும். அதுவரை அவள் கொடுத்தது கொடுத்ததாகவும், அவன் வாங்கிக்கொள்ளாததாகவுமே இருக்கும்.

சனிக்கிழமை பழைய கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிள்ளானுக்கு ரயில் ஏறினான்.

ஜீவனின் கணினிக் கடை லிட்டில் இந்தியாவில், மாலை கட்டுகிற கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மல்லிகை வாசம் படியேறி வந்து, சூடான ஈயப் பற்றுக்கம்பி வாசத்தோடு கலந்து, எங்கே இருக்கிறோம் என்பதை மறக்கடித்தது. ஜீவனுக்கு முப்பது வயதிருக்கும். கார்டை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டினான்.

"பாஸ், இதப் போட்டா 4K ஓட்றீங்க? பாவம் லா. எப்பவோ பென்சன் குடுத்து அனுப்பியிருக்கணும்."

"எது போட்டா ஓடும்?"

"மானிட்டர் என்ன மாடல்?"

சிவநேசன் கைப்பேசியில் படத்தைக் காட்டினான். ஜீவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"அம்மாடி! நூத்து நாப்பத்து நாலு ஹெர்ட்ஸ். எட்டு மில்லியன் புள்ளி பாஸ். ஒவ்வொரு புள்ளிக்கும் கார்டு கலர் அடிக்கணும், செகண்டுக்கு நூத்து நாப்பத்து நாலு தடவ. பொண்ணு பெரிய எடம். மாப்பிள்ளைக்கு ஆஸ்துமா. குடும்பம் எப்படி ஓடும்?"

சிவநேசன் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்தான்.

"ஒண்ணு செய்யுங்க. ரெசல்யூஷன பாதியாக் கொறச்சிடுங்க. நடுத்தரமா ஒரு கார்டு போதும்."

"கொறைக்க முடியாது."

"ஏன்?"

"வாங்கிக் குடுத்தது முழுசு."

"யாரு வாங்கிக் குடுத்தா?"

"வைஃப்."

ஜீவன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டான். "என் வைஃப் நான் மவுஸ் வாங்குனாலே மூணு நாள் பேசமாட்டா. இந்த மாடல்ல ஸ்பீக்கர் கெடையாது, ரிமோட் கெடையாது, தெரியுமா? சும்மா பாத்து யாரும் எடுக்கமாட்டாங்க. அக்கா ஒக்காந்து ஆராய்ச்சி பண்ணி எடுத்திருக்காங்க."

சிவநேசன் பழைய கார்டைத் தடவினான். "நான் வெளையாடறதே அவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"லேடீஸுக்கு எல்லாம் தெரியும் பாஸ். ஒருநாள் அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

"ம்."

ஜீவன் உள்ளேபோய் ஒரு பெட்டியைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தான். பதினாறு ஜிபி, மூன்று விசிறி. "இதுதான் மாப்பிள்ளை. பொருத்தம் பத்துக்குப் பத்து."

திரும்பும் ரயிலில் சிவநேசன் அதை மடியில் வைத்துக்கொண்டான். எதிர் இருக்கைப் பெரியவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஓவனா தம்பி?"

"ஆமாங்க," என்றான் சிவநேசன். விளக்க மனமில்லை.

"கேக் நல்லா வரும்," என்றார் அவர்.

பிரிக்பீல்ட்ஸில் அவன் வீட்டுக்கு மாடி ஏறி வரும்போது உஷாராணி அக்கா நடைபாதைக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் கையிலிருந்த தலையணை உறை அப்படியே நின்றது.

"என்ன தம்பி இது?"

"மானிட்டருக்குக் கார்டு அக்கா."

"வெல அதிகமா?"

"கொஞ்சம்."

"தம்பி... ஒண்ணு சொல்லணும்." பூனை அவள் காலைச் சுற்றியது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "இல்ல, ஒண்ணுமில்ல. அந்த முட்டை. உப்பு போடாத. பூனைக்கு ஆகாது."

கார்டு கணினிப் பெட்டிக்குள் போகவில்லை. இரண்டு விரற்கடை நீளம் அதிகம். சாய்த்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். மல்லாக்கப் படுத்துக் கீழிருந்து பார்த்தான். மின்விசிறி மேலே மெதுவாகச் சுற்றியது. அப்படியே அரைமணி நேரம் தூங்கிப்போனான்.

அடுத்த வாரம் ஜீவன் ஒரு புதுக் கணினிக் கூடு கொடுத்தான். பக்கவாட்டில் கண்ணாடி வைத்தது, சின்ன ஐஸ்பெட்டி உயரம். கணினி மேசை அதைத் தாங்காது. ஆகவே சாப்பாட்டு மேசை கணினிக்குப் போனது; நாற்காலியும் அதோடு போனது. சிவநேசன் அரிசி வாளிமேல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். அரிசி எடுக்க வேண்டியிருந்தால் நின்றுகொண்டு சாப்பிட்டான்.

எல்லாம் மாட்டி, பொத்தானை அழுத்தினான். ஏரி வந்தது.

எட்டு நொடி.

எட்டு நொடியும் அவன் மூச்சு விடவில்லை. தண்ணீர் தண்ணீராகவே அசைந்தது. நாணல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தலையாட்டியது. மீன் துள்ளியது, ஒரு செதிலில் சூரியன் இருந்தது, அதன் கண்ணைப் பார்த்தான், அதுவும் அவனைப் பார்த்த மாதிரி இருந்தது. டப் என்று எல்லாம் அணைந்தது.

மறுபடி போட்டான். மறுபடி எட்டு நொடி. அன்று முழுக்க எட்டெட்டு நொடியாக அந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுவில் கிள்ளானிலிருந்து மாமியார் சீதாலெட்சுமி அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அழைப்பார். பேச இருவருக்கும் ஒன்றும் இருக்காது. ஆகவே அவர் சீரியல் கதை சொல்வார்.

"மாப்ள, டிவியில பச்சக் கோடு இன்னும் தடிச்சுப் போச்சு. அந்தப் பெரிய மருமக இருக்காளே, மூஞ்சி பாதி பச்ச. அழறாளா, சதி பண்றாளான்னே தெரியல."

"புதுசு வாங்கித் தரேன் அத்த."

"வேணாம், வேணாம். பழகிடுச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"ஒக்காந்து சாப்பிடுங்க."

எப்படித் தெரிந்தது என்று யோசித்தபடி அவன் மறுபடி பொத்தானை அழுத்தினான்.

"மாப்பிள்ளைக்குச் சோறு பத்தல பாஸ்," என்றான் ஜீவன், மூன்றாவது சனிக்கிழமை. "ஒங்க பவர் சப்ளை நானூத்தி அம்பது வாட். முழு வேகத்துல ஓடுனா, இவரு ஒரு ஆளே பந்தியைக் காலி பண்ணிடுவாரு. எண்ணூத்தி அம்பது வாட் போடணும்."

"போடு."

"அக்கா என்ன சொல்றாங்க? இவ்வளவு வாங்கறீங்களே?"

"ஒண்ணும் சொல்லல."

ஜீவன் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினான். "அதான் பாஸ் டேஞ்சர். திட்டுனாக்கூடப் பரவால்ல. சும்மா இருந்தாங்கன்னா உள்ள பெருசா ஓடுது. கீழ மல்லி வாங்கிட்டுப் போங்க. நான் சொல்றேன்னு நெனக்காதீங்க, ரெண்டு மொழம்."

சிவநேசன் கீழே இறங்கி இரண்டு முழம் மல்லி வாங்கினான். வீட்டில் அவள் படத்துக்குப் போட்டான். ஜீவன் சொன்னது சரிதான் போலிருந்தது. படத்தில் அவள் கொஞ்சம் சமாதானமான மாதிரி தெரிந்தாள்.

இந்தமுறை உஷாராணி அக்கா கதவுவரை வந்தே விட்டாள். இரும்புக் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, மறுபடியுமா? இன்னும் எத்தன வாங்கணும் அதுக்கு?"

"இதோட முடிஞ்சிச்சு அக்கா."

"பிரியா இருந்தா..."

"சந்தோஷப்படுவா."

உஷாராணி அக்கா கம்பியை விட்டாள். "ஆமாமா," என்றாள். அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு ஒரு கிண்ணம் பாயசம் வந்தது. மறுநாள் வடை. அதற்கடுத்த நாள் மீன் குழம்பு. கொண்டுவந்து கொடுக்கும்போது அவள் அவன் கண்ணைப் பார்க்கவில்லை.

ஆயுத பூசை புதன்கிழமை வந்தது. சிவநேசன் விடுப்பு எடுத்திருந்தான். புது பவர் சப்ளையை மாட்டி முடித்திருந்தான். கண்ணாடிக் கதவை மட்டும் இன்னும் மூடவில்லை. குளித்துவிட்டு வந்து போடலாம் என்றிருந்தபோது மாமியார் வந்து நின்றார். கையில் பை. பைக்குள் எலுமிச்சம்பழம், பொரிகடலை, சந்தனம், குங்குமம், கால்கிலோ விபூதி.

"ஓட்டறதுக்கு ஒங்ககிட்ட காடி இல்ல, மோட்டாரும் இல்ல. எதுக்குப் பூசை போடறது?" என்றார். பிறகு மேசையைப் பார்த்தார். "இதா அது? எம்மக வாங்கிக் குடுத்தது?"

"ஆமா அத்த."

மாமியார் திரையின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எவ்வளவு பெருசு. இதுல சீரியல் வருமா?"

"வராது அத்த. இது கேமிங் மானிட்டர். சத்தமே வராது."

"சத்தம் வராதா?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி. நீங்க போயிக் குளிச்சிட்டு வாங்க."

சிவநேசன் குளித்துவிட்டு வந்தபோது வீட்டில் சாம்பிராணி மணத்தது. திரையின் நான்கு மூலையிலும் சந்தனப் பொட்டு இருந்தது. கூட்டின் உச்சியிலிருந்த வலைமேல் எலுமிச்சம்பழமும் பிரித்த விபூதிப் பொட்டலமும் இருந்தன. சாம்பிராணிப் புகையில் எல்லாமே லேசாக மிதந்துகொண்டிருந்ததால், உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று அவன் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால், மூன்று விசிறிக்கும் மூன்று பட்டை விபூதி தாராளமாகக் குழைக்காமல் அப்பியிருந்ததையும், நடுவில் குங்குமம் வைத்திருந்ததையும் கண்டிருப்பான்.

"போடுங்க மாப்ள. நல்ல நேரம்."

அழுத்தினான்.

ஒன்றும் ஆகவில்லை. சூடேறும்வரை அந்தக் கார்டின் விசிறிகள் சுற்றாது. ஏரி வந்தது. எட்டு நொடி ஆயிற்று. அணையவில்லை. ஒன்பது. பத்து. படகு நகர்ந்தது, நிஜமாகவே நகர்ந்தது. தூண்டிலை வீசினான். நூல் காற்றில் வளைந்து போனது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தண்ணி... நெசம் மாதிரியே இருக்கே."

அப்போதுதான் கார்டுக்குச் சூடேறியது. முதல் விசிறி சுற்றியது. இரண்டாவது சுற்றியது. மூன்றாவது சுற்றியபோது கூட்டின் உச்சி வலைக்கு அடியிலிருந்த விசிறிகளும் சேர்ந்துகொண்டன.

வீடு வெள்ளையாகிப்போனது.

கால்கிலோ விபூதி ஓசையில்லாமல் எழுந்து, கூரையைத் தொட்டு, விரிந்து, இறங்கியது. சுவர் போயிற்று. கதவு போயிற்று. மாமியார் போனார், "முருகா, முருகா" என்ற குரல் மட்டும் இருந்தது. விபூதிக்குள் திரை மட்டும் நீலமாக எரிந்தது. ஏரியிலும் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பனி எங்கே முடிகிறது, இந்த விபூதி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சிவநேசன் தூண்டிலைப் பிடித்தபடி படகில் உட்கார்ந்திருந்தான். எதிரே, பனிக்குள், யாரோ கையை உயர்த்தி எதையோ காட்டுகிற மாதிரி இருந்தது.

"தீ! தீ!"

நனைத்த சாக்கோடு உள்ளே பாய்ந்தாள் உஷாராணி அக்கா.

"போடாதீங்க அக்கா! தீ இல்ல! விபூதி!"

"விபூதியா?"

"சாமி வந்திருக்கு," என்றது மாமியாரின் குரல்.

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். விபூதி தலையிலும் தோளிலும் இறங்கியது. கார்டு ஒரு தும்மல் போட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடியது. திரையின் மூலையில் நூற்று நாற்பத்து நாலு என்ற எண் அசையாமல் நின்றது. மீன் துள்ளியது. போன வேகத்திலேயே திரும்பி வந்தது. தண்ணீரில் வட்டம் விரிந்தது.

சிவநேசன் அழுதான். பதினோரு மாதத்தில் முதல்முறை. முகத்து விபூதியில் இரண்டு கோடு விழுந்தது.

"ஓடிடுச்சு அத்த," என்றான். "அவ குடுத்தது முழுசா ஓடிடுச்சு."

மாமியார் அவன் தலையைத் தடவினார். "கடைசியா இதக் குடுத்துட்டு என்ன மாப்ள சொன்னா? நீங்க சொன்னதே இல்லயே."

"தெரியாது அத்த." வாய் தானாகவே பேசியது. "காதுல ஹெட்போன் இருந்துச்சு. நான் கழட்டல. அவ பேசினா. நான் கட்டைவெரலக் காட்டினேன். அவ சிரிச்சிட்டுப் போயிட்டா."

சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சிவநேசன் திரும்பினான். "அக்கா, நீங்க அன்னிக்கு வெளிய துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தீங்க. ஒங்களுக்குக் கேட்டிருக்கும்."

"வேணாம் தம்பி."

"கேட்டிருக்கு."

"இவ்வளவு நல்லா ஓடுது. வுட்டுடு லா."

"சொல்லும்மா," என்றார் சீதாலெட்சுமி. "எம்மக பேசுன கடைசிப் பேச்சு. நானும் கேக்கணும்."

உஷாராணி அக்கா சாக்கைக் கீழே வைத்தாள். சந்தனம் வைத்த திரையைப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். அரிசி வாளியைப் பார்த்தாள். கடைசியில் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அப்படியே சொல்லட்டுமா?"

"அப்படியே சொல்லுங்க."

"'அம்மாவுக்கு டிவின்னு நெனச்சு இதத் தப்பா வாங்கிட்டேங்க. திங்கக்கெழம திருப்பி அனுப்பணும். பெட்டிய மட்டும் பிரிச்சிடாதீங்க.'"